ஓடினால் மட்டும் போதுமா?

நாயை போர்டிங்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம். அங்குள்ள முற்றத்தில் அது விளையாடுகிறதா, தவிக்கிறதா?

தகரக் கதவு திறந்ததும் முதலில் பாய்வது லேப்ரடார். அதன் பின்னால் இரண்டு கோல்டன் ரிட்ரீவர்கள், ஒரு ஷெப்பர்டு, இன்ன இனம் என்று சொல்ல முடியாத ஒரு கலப்பு. சிப்பிப்பாறை மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் மதில் ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நடுநடுவே நின்று மதிலின் உயரத்தை அண்ணாந்து அளக்கிறது. பக் ஒன்று சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. ஒரு ஷிட்சூவைப் பெரிய நாய்கள் சூழ்ந்து முகர, அது வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. கேர்டேக்கர் இளைஞர் செல்போனை எடுக்கிறார். லேப் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவரும் இருபது நொடி வீடியோ வாட்ஸ்அப்பில் பறக்கிறது. கொடைக்கானலில் இருக்கும் குடும்பம் இதயங்களை அனுப்பித் தள்ளுகிறது.

கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி சமயங்களில் சென்னையைச் சுற்றியுள்ள போர்டிங்குகளில் இது வழக்கமான காலைக் காட்சி. அந்த வீடியோவில் பொய் எதுவும் இல்லை. லேப் உண்மையிலேயே குதூகலமாகத்தான் இருந்தது. ஃப்ரேமுக்கு வெளியே நின்ற பக்கையும் ஷிட்சூவையும் சிப்பிப்பாறையையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூண்டு போய் கும்பல் வந்தது

முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாய்க்குத் தெருவே சோறு போட்டது. அபார்ட்மென்ட்டில் அதற்கு வழியில்லை. ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர்., தாம்பரத்துக்கு அப்பால், கோவையின் புறநகர் என்று காலிமனை கிடைத்த இடமெல்லாம் போர்டிங்குகள் முளைத்தன. ஆரம்பத்தில் வரிசையாகக் கூண்டு, இரண்டு வேளைச் சோறு, ஒரு சங்கிலி நடை. அடுத்து வந்தது ‘கேஜ் ஃப்ரீ’ அலை. பெரிய மைதானம், நாள் முழுக்க ஆட்டம், மாலையில் நீச்சல் என்று விளம்பரங்கள் வரத் தொடங்கின.

கூண்டிலேயே அடைபட்ட நாய் வாடிப்போகும் என்பது உரிமையாளர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முன்பின் அறியாத இருபது நாய்களோடு எட்டு மணி நேரம் திறந்துவிடுவதும் ஒரு தண்டனைதான் என்பது இன்னும் பலருக்குப் புரியவில்லை. மைதானம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதில் யார் நின்று கவனிக்கிறார், நாய்க்கு எப்போது ஓய்வு கிடைக்கிறது, அதன் மூக்குக்கு என்ன வேலை இருக்கிறது என்பவைதான் நாயின் நிம்மதியைத் தீர்மானிக்கின்றன.

சத்தத்தின் விலை

புது இடம், புது வாசனை, பழகிய முகம் ஒன்றுகூட இல்லை. பல நாய்கள் முதல் ஓரிரு நாள் தட்டைத் தொடுவதில்லை. சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும். சில தம் பாதத்தையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். இதன் மேல் சத்தமும் சேர்கிறது. சிமென்ட் சுவர், தகரக் கூரை, கம்பிக் கதவு எல்லாம் குரைப்பை எதிரொலித்துப் பெருக்குபவை. வெளிநாட்டு நாய்க் காப்பகங்களில் எடுத்த அளவீடுகளில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டியிருக்கிறது. நம் நாட்டில் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் அனுமதிக்கப்பட்ட அளவு 55 டெசிபல். நாயின் காது நம் காதைவிடக் கூர்மையானது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ் குழு, காப்பக நாய்களுக்கு விதவிதமான இசையைப் போட்டுப் பார்த்து 2002-இல் ஆய்வு வெளியிட்டது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கு நாய்கள் கூடுதல் நேரம் படுத்து ஓய்வெடுத்தன. ஹெவி மெட்டலுக்குக் குரைப்பு கூடியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்தின் விலங்கு நலச் சங்கமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. ஒரே வகை இசையைத் தொடர்ந்து போட்டால் நாய்களுக்கு அது பழகிப்போய்ப் பலன் குறைகிறது, மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம். இளையராஜாவே ஆனாலும் மெல்லிய ஒலியில், பட்டியலை மாற்றிப் போடுவது நல்லது.

அமெரிக்காவில் காப்பக நாய்களை ஓரிரு இரவுகள் தன்னார்வலர்களின் வீட்டில் தங்கவைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. வீட்டில் இருந்த நாள்களில் நாய்களின் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது. திரும்பி வந்ததும் பழைய அளவுக்கே போனது. காப்பக நாயும் போர்டிங் நாயும் ஒன்றல்லதான். ஆனாலும் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொருந்தும்: அமைதியான மூலையும் பக்கத்தில் ஒரு மனிதரும் கிடைத்தால் நாய்க்கு அதுவே பெரிய ஆறுதல்.

விளையாட்டா, வம்பா?

நன்றாக விளையாடும் நாய்கள் முறை வைத்து விளையாடும். துரத்திய நாய் அடுத்த சுற்றில் துரத்தப்படும். மேலே ஏறிய நாய் கொஞ்ச நேரத்தில் தானே மல்லாந்து படுக்கும். பெரிய நாய் தன் பலத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும். நடுநடுவே இரண்டும் நின்று உடம்பை உதறி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கும்.

முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது விளையாட்டுக்கான அழைப்பு. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெகாஃப் இந்த அசைவை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து ஆராய்ந்தவர். தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்புள்ள கடிக்கு முன்போ பின்போ நாய்கள் இதை அதிகம் செய்வதை அவர் 1995-இல் பதிவுசெய்தார். ‘கோபமில்லை, இது விளையாட்டுதான்’ என்று எதிராளிக்கு அவ்வப்போது உறுதி சொல்கின்றன.

சந்தேகம் வந்தால் பயிற்சியாளர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். துரத்துகிற நாயைச் சில நொடி பிடித்து நிறுத்திவிட்டு, துரத்தப்பட்ட நாய் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். அது திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் ஆட்டம் தொடரலாம். விட்டால் போதுமென்று ஓடி ஒளிந்தால், அதுவரை நடந்தது விளையாட்டு இல்லை.

■ பெட்டிச் செய்தி: உடம்பு பேசுவதைக் கவனியுங்கள்

*ஆட்டம் சரியாகப் போகிறது*
• உடம்பு தளர்ந்து வளைந்து நெளிகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது
• இரண்டும் மாறி மாறித் துரத்துகின்றன
• தானாகவே இடைவெளி விட்டு மறுபடி சேர்கின்றன

*பிரிக்க வேண்டிய நேரம்*
• வால் கால்களுக்கு நடுவே. காதுகள் பின்னால் ஒட்டியிருக்கின்றன
• பசியில்லாமலே உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது
• கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறது
• உடம்பு விறைத்து, வாய் மூடி, ஒரே நாயை வெறிக்கிறது
• பல நாய்கள் சேர்ந்து ஒன்றை மட்டும் துரத்துகின்றன

யாரோடு யார்?

பெரும்பாலான விபத்துகளின் விதை, நாய்களைச் சேர்க்கும் விதத்திலேயே இருக்கிறது. சின்ன நாய்களையும் பெரிய நாய்களையும் ஒரே முற்றத்தில் விடுவது முதல் தவறு. பெரிய நாய்க்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. கீச்சென்று கத்தியபடி ஓடும் சிறிய உருவத்தைக் கண்டதும் அதன் வேட்டைப் புத்தி நொடியில் விழித்துக்கொள்ளும். நம் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் முயலைப் பார்வையாலேயே பின்தொடர்ந்து துரத்தப் பழக்கப்பட்ட பரம்பரை. அவற்றுக்கு நீளமான ஓட்டப் பாதையும் தாண்ட முடியாத வேலியும் வேண்டும். பொமரேனியனும் ஷிட்சூவும் இருக்கும் முற்றத்தில் அவற்றை அவிழ்த்துவிடக் கூடாது.

புதிய நாயை நேராகக் கூட்டத்துக்குள் தள்ளுவது அடுத்த தவறு. வாசலில் பத்து மூக்குகள் மொய்த்தால் எந்த நாயும் மிரளும். அமைதியான ஒரு நாயோடு தனியாக அறிமுகம், அடுத்து இரண்டு மூன்று நாய்களோடு, ஒத்துப்போனால் மட்டுமே குழு. குழுவும் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு கேர்டேக்கர் திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு நாயும் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் நாய்கள் கூடிவிட்டன என்று அர்த்தம். ஹீட்டில் இருக்கும் பெண் நாய்க்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கும் குழுவில் இடமே இல்லை.

கதவுதான் சண்டையின் தலைவாசல். எல்லா நாய்களும் அங்கே முண்டியடிக்கும், தப்பி ஓடுவதும் அங்கேதான். ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கும் இரட்டைக் கதவு இல்லாத இடத்தில் நாயை விடவே வேண்டாம். தீபாவளி வாரத்தில் இது உயிர் காக்கும் விஷயம். தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றாலும், வெடிச் சத்தம் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மிரண்ட நாய் ஆறடி மதிலையும் தாண்டும், கம்பிக்கு அடியில் பள்ளமும் பறிக்கும். அந்த நாள்களில் இருட்டுவதற்கு முன்பே முற்றத்து வேலையை முடித்து எல்லா நாய்களையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. இரண்டு நாய்கள் கட்டிப் புரளும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் பயந்து முறுக்க, ஒன்றுக்கு மூச்சு நிற்கும், மற்றதற்குத் தாடை உடையும். அதனால் குழு ஆட்டத்தில் காலர், ஹார்னஸ் எல்லாவற்றையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. எலும்பும் தின்பண்டமும் கூட்டத்துக்கு நடுவே வரக் கூடாது. வீட்டில் பரம சாதுவான நாயும் தன் எலும்புக்காகக் கடிக்கும்.

அப்படியும் சண்டை மூண்டால் நடுவில் கையை விடுபவருக்குத்தான் முதல் கடி. தண்ணீர்க் குழாயைத் திருப்புவது, தகரத் தட்டைத் தட்டுவது, தடித்த போர்வையைப் போடுவது, நடுவில் பலகையைச் செருகுவது என்று வழிகள் உண்டு. அந்தப் பலகையும் போர்வையும் முற்றத்திலேயே, எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு போர்டிங் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

மூக்குக்கு வேலை கொடு

அடைபட்ட விலங்குக்குத் தீனி போட்டால் மட்டும் போதாது, அதைத் தேடிப் பெறும் வேலையும் கொடுக்க வேண்டும் என்ற சிந்தனை உயிரியல் பூங்காக்களில் வேர்விட்டது. 1970-களில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் பூங்காவில் ஹால் மார்கோவிட்ஸ், விலங்குகள் தாமே இயக்கி உணவு பெறும் கருவிகளை அமைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கொலராடோவில் ஜோ மார்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் ஷெப்பர்டு நாயோடு போராடிக்கொண்டிருந்தார். வேன் பழுதுபார்க்கும்போது கழற்றிப்போட்ட ரப்பர் பாகம் ஒன்றை நாய் விடாமல் மென்றது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் விற்கும் ‘காங்’ என்ற பொம்மை. நடுவில் இருக்கும் குழியில் உணவை அடைத்துக் கொடுத்தால் நாய் அரைமணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும்.

ஓடுவதைவிட மோப்பம் பிடிப்பது நாயை ஆழமாக நிறைவுசெய்கிறது. சார்லட் டுராண்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவு நாய்கள் இரண்டு வாரம் ஒளித்துவைத்த உணவை மோப்பத்தால் தேடின. இன்னொரு பிரிவு உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. பிறகு, உள்ளே உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி மோப்பப் பிரிவு முன்பைவிட வேகமாகப் போனது. நடைப் பிரிவில் அந்த மாற்றம் இல்லை. தன் மூக்கை நம்பித் தானே முடிவெடுத்த நாய், உலகத்தைக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு பார்க்கத் தொடங்கியிருந்தது.

போர்டிங் முற்றத்துக்கு இது பெரிய வரப்பிரசாதம். மோப்ப விளையாட்டுக்கு எதிராளி வேண்டாம், பெரிய மைதானம் வேண்டாம், வயதும் தடையில்லை. கூட்டத்தில் சண்டை போடும் நாய்க்கும், கால் தாங்கி நடக்கும் கிழ நாய்க்கும் ஒரு மூலையில் பதினைந்து நிமிடம் போதும். ஒரே நிபந்தனை: உணவு சம்பந்தப்பட்ட எதுவும் ஒரு நேரத்தில் ஒரு நாய்க்குத்தான்.

■ பெட்டிச் செய்தி: காசு அதிகம் செலவாகாத ஏழு விளையாட்டுகள்

• புல்லில் சோறு: காலைத் தீனியின் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் புல்தரையில் தூவிவிடுங்கள்.
• சாக்கு வேட்டை: பழைய கோணிச் சாக்கைச் சுருட்டி மடிப்புகளில் பிஸ்கட் துண்டுகளை ஒளியுங்கள்.
• அட்டைப்பெட்டி: டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் நீக்கிய பெட்டிகளில் கசக்கிய காகிதம், உள்ளே தீனி. கிழித்துத் தள்ளட்டும்.
• மணல் குழி: பள்ளம் பறிக்க ஆசைப்படும் நாய்க்கு ஆற்று மணல் நிரப்பிய தொட்டி. பொம்மையைப் புதைத்துவையுங்கள்.
• உறைந்த தயிர்: உப்பும் சர்க்கரையும் சேர்க்காத தயிரில் வேகவைத்த பூசணி கலந்து கிண்ணத்தில் உறையவைத்து நக்கக் கொடுங்கள்.
• முழங்கால் அளவுத் தண்ணீர்: கோடையில் பிளாஸ்டிக் தொட்டி; ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.
• உயரத் திண்ணை: ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க ஒரு மேடை. பயந்த நாய்களுக்கு இதுவே முதல் ஆறுதல்.

பொம்மையிலும் கவனம் வேண்டும். பந்து நாயின் கடைவாய்க்குள் முழுதாகப் போகிற அளவு சின்னதாக இருந்தால் தொண்டையை அடைக்கும். நூல் பிரிந்த கயிறு வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருட்டிவிடும். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடையும். எந்தப் பொம்மையானாலும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து, கழுவி, வெயிலில் காயப்போட வேண்டும்.

நாள் முழுக்க ஆட்டம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும், ஓய்வெடுக்கும். தூக்கம் கெட்ட நாய், தூக்கம் கெட்ட குழந்தையைப் போலத்தான், சின்ன விஷயத்துக்கும் சீறும். காலையில் ஓட்டம், அடுத்து மோப்ப வேலை, வெயில் ஏறியதும் இருட்டும் குளிர்ச்சியுமான அறையில் நீண்ட ஓய்வு, மாலையில் மெதுவான நடை என்று நாளைப் பிரித்துக்கொண்டால் நாய்க்கும் நல்லது, கேர்டேக்கருக்கும் நல்லது.

நம்ம ஊர் முற்றம், நம்ம ஊர் ஆபத்து

வெளிநாட்டுக் கையேடுகள் பனிக்கும் குளிருக்கும் எழுதப்பட்டவை. நம் கவலை கத்திரி வெயில். நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. இரைப்பதுதான் அதற்கு முக்கியமான குளிர்சாதனம். பக், ஷிட்சூ, புல்டாக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அந்தத் தரை ஆகாது. இரைப்பு அடங்காமல், எச்சில் கொழகொழவென்று ஒழுகி, நடை தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அவசரத்தில் அப்படியே வண்டியில் தூக்கிப்போட்டு ஓடுவதுதான் வழக்கமான தவறு. முதலில் நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறி வைத்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். டாக்டரிடம் போவது அதற்கு அடுத்த வேலை.

சாப்பிட்ட கையோடு ஓடவிடுவதும் ஆபத்து. கிரேட் டேன், டாபர்மேன், ஷெப்பர்டு போன்ற ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்திக்கு முயன்றும் எதுவும் வராமல் தவித்து, வயிறு மத்தளமாக ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி என்ற விதி இதற்காகத்தான்.

மழைக்காலத்தில் எதிரி, தேங்கிய தண்ணீர். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், முற்றத்தைக் கழுவும் தொழிலாளிக்கும் தொற்றும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உண்ணியைக் கேட்கவே வேண்டாம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிடமிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எர்லிகியா, பபேசியா காய்ச்சல்கள் அதன் வழியாகத்தான் பரவுகின்றன. நாயின் மேல் மருந்து தெளித்துவிட்டு வெடித்த சுவரைப் பூசாமல் விட்டால் பயனில்லை.

■ பெட்டிச் செய்தி: முற்றத்தில் இருக்கக் கூடாதவை

• அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, அலங்காரச் சைகஸ்
• செடிக்குப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு: வாசனைக்கு மயங்கித் தின்னும் நாய்க்கு விஷம்
• மாங்கொட்டை, சோளக் கட்டை: விழுங்கினால் குடலில் சிக்கும்
• எலி மருந்து, பினாயில், திறந்த சாக்கடை
• பாம்பு ஒளிய இடம் தரும் செங்கல் குவியல், விறகுக் கட்டு, உயர்ந்த புதர்
• வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் இனிப்பு கலந்த மீதித் தின்பண்டங்கள்

ஆட வராத நாய்

எல்லா நாய்க்கும் நாய்க் கூட்டம் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு வயதைத் தாண்டிய பல நாய்கள் அறிமுகமில்லாத நாய்களோடு விளையாட விரும்புவதில்லை. தெருவிலிருந்து மீட்ட நாட்டு நாய்க்கு எல்லை உணர்வு கூடுதல். மூட்டுவலி வந்த கிழ லேபை ஒரு குட்டி இடித்தாலே போதும், உறுமும். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிக் காது கேளாமையும் சிலவற்றுக்கு வந்துசேர்கிறது. பின்னாலிருந்து வரும் நாயின் உறுமல் அவற்றுக்குக் கேட்காது, திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும்.

இந்த நாய்களைக் குழுவில் தள்ளுவது கொடுமை, கூண்டிலேயே விடுவதும் கொடுமை. அவற்றுக்குத் தனி நேரம் வேண்டும். நீளக் கயிற்றில் கட்டி, நாய் இழுத்த திசையில், நாய் நின்ற இடத்தில் நின்று, முகர்ந்து முடிக்கும்வரை காத்திருக்கும் ஒரு மெதுநடை. எதிர்க் கூண்டு நாய் தெரியாதபடி ஒரு தடுப்புத் தட்டி. வீட்டிலிருந்து கொண்டுவந்த, துவைக்காத ஒரு பழைய லுங்கி. நாய் விரும்பினால் ஆட்டத்துக்கு வரவும், வேண்டாமென்றால் ஒதுங்கவும் வழி திறந்திருந்தால் பாதி பிரச்சினை முளைக்கவே முளைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. வழக்கமாகக் கட்டிப்போட்டோ நெருக்கமாக அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி தராமல் விடுவதும் வதைதான். அதே சட்டத்தின்படி ‘உரிமையாளர்’ என்பவர் வாங்கி வளர்ப்பவர் மட்டுமில்லை, அப்போதைக்கு விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவரும்தான். ஆக, போர்டிங் நடத்துபவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தப் பிரிவு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்றைக்கு அந்தப் பணத்தில் நாய்க்கு நல்ல பிஸ்கட் பாக்கெட்கூட வராது.

2017-இல் நாய் இனப்பெருக்க விதிகளும், 2018-இல் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வந்தன. இரண்டும் முக்கியமாக வளர்த்து விற்பவர்களைக் குறிவைத்தவை. இனப்பெருக்க விதிகள் போர்டிங் நடத்துபவரையும் தம் வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் போர்டிங்குக்கென்றே 1963-இல் தனிச் சட்டம் வந்தது. 2018-இல் அதன் இடத்தில் புதிய உரிம விதிகள் வந்தன. உள்ளாட்சி அதிகாரி நேரில் பார்த்து, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடுகிறார். வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்துவிட உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். நட்சத்திர அட்டை வாசலில் தொங்குவதால், விலையைக் கேட்கும் முன்பே தரம் தெரிந்துவிடுகிறது.

இங்கே அந்த அட்டை இல்லாத குறையை நாமேதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. குழுவில் விடலாமா கூடாதா, கடி நடந்தால் வைத்தியச் செலவு யாருடையது, எந்த டாக்டரிடம் போவது, உரிமையாளரைப் பிடிக்க முடியாவிட்டால் முடிவெடுப்பது யார் என்பதையெல்லாம் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது நல்லது. வாய்வார்த்தையில் விட்ட இடங்களில்தான் பிற்பாடு போலீஸ் ஸ்டேஷன்வரை போகிறது.

வீடு திரும்பிய பிறகு

போர்டிங்கின் நிஜமான மதிப்பெண் அட்டை, நாய் வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்தில் தெரியும். முதல் நாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினால் கவலையில்லை. மூன்றாவது நாளும் எழுந்திருக்காமல், சாப்பிடாமல் கிடந்தால் கவனியுங்கள். குரல் கம்மியிருந்தால் நாளெல்லாம் குரைத்திருக்கிறது. வறட்டு இருமல் இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் கென்னல் காஃப் ஆக இருக்கலாம். காய்ச்சலும் வெளுத்த ஈறும் இருந்தால் உண்ணி வழி வந்த நோயா என்று ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காது மடல், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவி உண்ணி தேடுங்கள். அடர்ந்த முடிக்குள் கடிக் காயம் வெளியே புள்ளியாகத் தெரியும், உள்ளே சீழ் கட்டும்.

உடம்புக் காயம் ஆறிவிடும். மனக் காயம் ஆற நாளாகும். ஒரு வாரம் கூட்டத்தில் மிதிபட்ட நாய், பிறகு தெருவில் எந்த நாயைக் கண்டாலும் முந்திக்கொண்டு சீறத் தொடங்கும். ‘போர்டிங் போய் வந்ததிலிருந்து முரடாகிவிட்டது’ என்று நாம் திட்டுவோம். அது முரடாகவில்லை. விலகிப் போக வழியில்லாத இடத்தில், சீறினால்தான் விலகுவார்கள் என்று கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பாடத்தை மறக்கடிக்கப் பயிற்சியாளருக்கு மாதங்கள் பிடிக்கும்.

■ பெட்டிச் செய்தி: விடுவதற்கு முன் கேளுங்கள்

1. ஆட்ட நேரத்தில் முற்றத்துக்குள் ஆள் நிற்கிறாரா, கேமரா மட்டுமா?
2. ஒரு குழுவில் எத்தனை நாய்? எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?
3. என் நாய்க்குக் கூட்டம் பிடிக்காவிட்டால் என்ன ஏற்பாடு?
4. ஓய்வு நேரம் எது? அந்த அறையைப் பார்க்கலாமா?
5. எல்லா நாய்க்கும் ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிச் சான்று கேட்கிறீர்களா?
6. இரவில் யார் தங்குகிறார்? அவசரத்துக்கு எந்த டாக்டர்?
7. முன்கூட்டியே ஒரு பகல் மட்டும் விட்டுப் பழக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு போர்டிங்கின் செலவில் நிலமும் கட்டடமும் ஒரு முறைதான். மாதாமாதம் குறைக்க முடிவது சம்பளம் மட்டும். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் குறைவாகக் கேட்கும் இடத்தைத் தேடி நாம் அலையும்போது, அந்த நூறு ரூபாய் முற்றத்தில் நிற்கும் இரண்டாவது ஆளின் கூலியிலிருந்துதான் வெட்டப்படுகிறது. மிச்சமிருக்கும் ஒருவர் கூட்டிப் பெருக்குகிறார், சோறு வைக்கிறார், குளிப்பாட்டுகிறார், நமக்கு வீடியோவும் அனுப்புகிறார். முற்றத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. நாயின் உடம்பு பேசுவதைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

புல்தரை, நீச்சல் குளம், வண்ணம் பூசிய சறுக்குமரம் எல்லாமே நம் கண்ணைக் குளிர்விக்கப் போடப்பட்டவை. நாய்க்கு வேண்டிய பட்டியல் சின்னது. நிழல், மண், ஒதுங்க ஒரு மூலை, தேடிக் கண்டுபிடிக்க ஏதாவது, அதன் முகத்தைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொள்ளும் ஒரு மனிதர். கடைசியில் சொன்னது மட்டும்தான் விலை கூடியது. அடுத்த முறை ரேட் கேட்கும்போது, அந்த மனிதருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்போம். பதில் திருப்தியாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுப்போம்.